மானிட்டரில் தொடங்குங்கள்: கேமிங் கணினிக்கு உதிரிபாகங்கள் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேமிங் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பிராசஸரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா என்ற கேள்வியிலேயே பட்ஜெட்டின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. மிஞ்சிய தொகைக்குள் அடங்கும் கிராபிக்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு, எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) எதுவென்று கேட்காமலேயே கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வருகிறார்கள். ஒவ்வொரு பாகமும் தனித்தனியே நல்ல பாகமாக இருந்தும் கணினி எதிர்பார்த்தபடி ஓடாததற்கு இந்த வரிசைதான் பெரும்பாலும் காரணம். எந்தத் திரையில், எந்த விளையாட்டை, நொடிக்கு எத்தனை ஃபிரேமில் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில்) ஆடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால், அடுத்தடுத்த பாகங்களின் தேர்வு அதிலிருந்தே கிடைத்துவிடும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 27 அங்குல 1440பி (மேலிருந்து கீழாக 1440 பிக்சல் வரிகள் கொண்ட) மானிட்டரில், புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளையும், இடையிடையே வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளையும் ஆடும் ஒருவருக்கான நடுத்தர பட்ஜெட் கணினி. விலைகள் மாதந்தோறும் மாறுவதால், ரூபாய்க் கணக்கைவிட எதற்கு முன்னுரிமை கொடுப்பது என்பதையே இங்கு விளக்குகிறேன்.

படி 1: திரையும் விளையாட்டுகளும்

1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனை பிக்சல்களை வரைந்தாக வேண்டும் என்பதால், 1080பி-யிலிருந்து 4கே-வுக்குப் போகும்போது அதன் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. பிராசஸரின் வேலை வேறு வகையானது. பாத்திரங்கள் எங்கே நிற்கின்றன, தோட்டா எதில் பட்டது, அடுத்து எதை வரைய வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிட்டுக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை அனுப்புவது அதன் பொறுப்பு; திரையில் எத்தனை பிக்சல்கள் இருந்தாலும் இந்த வேலை பெரிதாக மாறுவதில்லை. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 16.7 மில்லி நொடிக்குள் தயாரித்தால் போதும். 144 ஃபிரேம் வேண்டுமென்றால் 6.9 மில்லி நொடிதான் அவகாசம்.

ஆகவே ரெசல்யூஷன் (திரையின் பிக்சல் எண்ணிக்கை) கூடக் கூடச் சுமை கிராபிக்ஸ் கார்டின் மீது ஏறுகிறது; ஃபிரேம் எண்ணிக்கை கூடக் கூடப் பிராசஸரும் திணறத் தொடங்குகிறது. பட்ஜெட்டைப் பங்கிடும்போது மனத்தில் நிறுத்த வேண்டிய அடிப்படை இது. 1080பி மானிட்டரில் 240 ஹெர்ட்ஸில் (திரை நொடிக்கு 240 முறை புதுப்பிக்கப்படும் வேகத்தில்) வாலரண்ட் மட்டுமே ஆடுபவருக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டால் பெரிய பயன் இல்லை. 4கே தொலைக்காட்சியில் 60 ஃபிரேமில் கதை விளையாட்டுகளை ஆடுபவருக்கோ விலையுயர்ந்த பிராசஸரால் பெரிய பயன் இல்லை.

நம் எடுத்துக்காட்டுக்கு 27 அங்குலம், 1440பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாத திரை வகை) மானிட்டர் பொருத்தமானது. இதே அளவு திரையில் 1080பி எடுத்தால் எழுத்துகளின் விளிம்பில் பிசிறு தெரியும். ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது படம் கிழிந்து தெரியாமலிருக்க, ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். மானிட்டர் ஏற்கெனவே இருந்து, அதை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், அதன் ரெசல்யூஷனுக்கு ஏற்பவே மற்றவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

மானிட்டர் நீங்கலான மொத்தத் தொகையில் 35 முதல் 45 விழுக்காடு வரை இதற்கு ஒதுக்கலாம். கேமிங் கணினியில் செலவழிக்கும் ரூபாய்க்கு அதிகப் பலன் தரும் பாகம் இதுவே.

இன்றைய நிலையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வி-ரேம் (கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்) அளவைத்தான். 2025-இல் வெளிவந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகைகளில் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் இருக்கும் பெயர் ஒன்றே, சிப்பும் ஒன்றே. ஆனால் புதிய விளையாட்டில் 1440பி-யில் டெக்ஸ்சர் (பொருட்களின் பரப்பில் ஒட்டும் படங்கள்) அளவை உயர்த்தியதும் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் கார்டு தனக்குத் தேவையானவற்றைக் கணினியின் ரேமிலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்து வர வேண்டியதாகிறது. அப்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே காட்டினாலும், திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் படம் ஒரு கணம் நின்று நகரும். சில விளையாட்டுகளில் சுவர்களும் முகங்களும் மங்கலாகவே தங்கிவிடும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ எட்டு பிசிஐஇ லேன்களை (கார்டும் மதர்போர்டும் தகவல் பரிமாறும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்துவதால், பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அதன் 8 ஜிபி வகையைப் பொருத்தினால் இந்தக் குறை இன்னும் கூடும். 1440பி-க்கு வாங்குவதென்றால் 16 ஜிபி வகையையே வாங்குங்கள். பட்ஜெட் மிக இறுக்கமாக இருந்தால் 12 ஜிபி கொண்ட இன்டெலின் ஆர்க் பி580 கவனிக்கத்தக்கது. ஆனால் அதற்குப் புதிய தலைமுறைப் பிராசஸரும், மதர்போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும்) வசதியும் தேவை.

என்விடியாவா, ஏஎம்டியா என்ற கேள்விக்கு வருவோம். சாதாரண முறையில் வரையும்போது ஒரே விலையில் ஏஎம்டி பெரும்பாலும் சற்றுக் கூடுதல் ஃபிரேம் தருகிறது. ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் முறை) அதிகமுள்ள விளையாட்டுகள், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், வீடியோ எடிட்டிங், செயற்கை நுண்ணறிவு சார்ந்த வேலைகள் ஆகியவற்றில் என்விடியாவின் கை ஓங்கியிருக்கிறது. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற விளையாட்டுகளுக்கு ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம் என்பதால், அந்த வசதி இல்லாத பழைய கார்டுகளை விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்குவது சரியாகாது.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஆகிய அப்ஸ்கேலிங் முறைகளையும் (குறைந்த பிக்சல்களில் வரைந்து பெரிதாக்குபவை) கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 1440பி-யில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி நிலையில் கார்டு உண்மையில் வரைவது 960 வரிகள்தான். எஞ்சியதை நிரப்பும் விதம் இப்போது மிகவும் தேறிவிட்டது. ஃபிரேம் ஜெனரேஷனை மட்டும் தனியாகப் பாருங்கள். அது இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு இடையே செயற்கை ஃபிரேம்களைச் செருகுகிறது. திரையில் அசைவு வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் மவுஸை நகர்த்தியதும் விளையாட்டு பதில் தரும் வேகம் கூடாது. அடிப்படையில் 60 ஃபிரேமாவது இருந்தால்தான் அது உதவும். ஆகவே ஃபிரேம் ஜெனரேஷனைச் சேர்த்துப் போட்ட விளம்பர வரைபடங்களை வைத்து இரண்டு கார்டுகளை ஒப்பிடாதீர்கள்.

படி 3: பிராசஸர்

நம் எடுத்துக்காட்டுக்கு ஏஎம்டியின் ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ் போதுமானது. இரண்டுமே ஆறு கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) கொண்டவை. இரண்டுமே 65 வாட் வகை. 7600 உடன் கூலரும் பெட்டியிலேயே வருகிறது, 9600எக்ஸுடன் வராது. பொதுவாக, பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்துள்ள பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்காது. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் அந்த வசதி உள்ளதையே எடுப்பது நல்லது. கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போயிருக்கும் நாட்களில் கணினி முடங்காமல் இருக்கும்.

போட்டி விளையாட்டுகளில் 200 ஃபிரேமுக்கு மேல் வேண்டுமென்றோ, உத்தி விளையாட்டுகளும் சிமுலேஷன் விளையாட்டுகளுமே உங்கள் விருப்பம் என்றோ இருந்தால், எக்ஸ்3டி வகைப் பிராசஸர்களுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானது. 2023-இல் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி-யிலும், 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யிலும் 96 எம்பி எல்3 கேச் (சிப்பினுள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) உள்ளது. விளையாட்டுக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படும் தகவல்கள் ரேமுக்குப் போகாமல் சிப்பிலேயே கிடைப்பதால், கோர்கள் காத்திருக்கும் நேரம் குறைகிறது. ஆனால் கிராபிக்ஸ் கார்டிலிருந்து பணத்தைக் குறைத்து இதை வாங்க வேண்டாம்.

இன்டெல் பக்கம் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையிலான பிராசஸர்கள் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) அமர்கின்றன. அந்த சாக்கெட் முடிவுக்கு வந்துவிட்டது; அடுத்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட். மேலும், 13, 14-ஆம் தலைமுறையின் உயர்நிலை மாடல்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைத்தன்மைச் சிக்கல் எழுந்து, இன்டெல் 2024-இல் மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. இவற்றைப் பயன்படுத்திய பொருளாக வாங்க நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே சேதமடைந்த சிப்பைச் சரிசெய்யாது.

இப்போது வைத்திருக்கும் கணினியில் தடையாக இருப்பது பிராசஸரா, கிராபிக்ஸ் கார்டா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விளையாட்டில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை தாவி ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் அப்படியே நின்றால் பிராசஸர். எதை மாற்றுவது என்று தெரியாமல் முழுக் கணினியையும் மாற்றுபவர்கள் பலர் இருப்பதால், இந்தச் சோதனையை அழுத்திச் சொல்கிறேன்.

படி 4: மதர்போர்டும் ரேமும்

புதிதாகக் கட்டுபவருக்கு ஏஎம்5 சாக்கெட்டையே நான் பரிந்துரைப்பேன். 2022-இல் வந்த இந்தச் சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்துள்ளது. இதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில், 2017-இல் வாங்கிய பல மதர்போர்டுகள் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பின் 2022-இன் ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை ஏற்றுக்கொண்டன. இன்று ஆறு கோர் பிராசஸருடன் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றும் வழி திறந்திருப்பது நடுத்தர பட்ஜெட்காரருக்குப் பெரிய சேமிப்பு.

பி650 அல்லது பி850 சிப்செட் (போர்டின் வசதிகளை நிர்வகிக்கும் சிப்) கொண்ட, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு போர்டு இங்கு போதும். இரண்டு எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைச் செருகும் இடம்), விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மீது ஹீட்சிங்க், பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் ஆகிய மூன்றையும் பார்த்து எடுங்கள். கடையில் நெடுநாள் இருந்த பி650 போர்டு 9000 வரிசைப் பிராசஸரை அடையாளம் காணாமல் போகக்கூடும். ஃபிளாஷ்பேக் இருந்தால் பிராசஸர் இயங்காத நிலையிலும் பென்டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பித்துவிடலாம். வண்ண விளக்குகளுக்கும் எக்ஸ் வரிசைச் சிப்செட்டுக்கும் கொடுக்கும் பணம் ஒரு ஃபிரேமையும் கூட்டாது.

ரேமைப் பொறுத்தவரை, இரண்டு 16 ஜிபி குச்சிகள் கொண்ட 32 ஜிபி தொகுப்பு, டிடிஆர்5-6000 (6000 என்பது வேகம்), சிஎல்30 (சிஎல் என்பது பதில் தரும் முன் ரேம் எடுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை) என்பது ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு நன்கு பொருந்தும் அளவு. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நேரம் நானோ நொடியில் கிடைக்கும்: சிஎல்30, 6000 என்றால் 10, சிஎல்36, 6000 என்றால் 12. 2025 இறுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், சிஎல்36 கணிசமாக மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். விலை தாங்காதென்றால் இரண்டு 8 ஜிபி குச்சிகளுடன் தொடங்கி, பின்னர் அவற்றை விற்றுவிட்டு 32 ஜிபி தொகுப்பு வாங்குவது, நான்கு குச்சிகளாகச் சேர்ப்பதைவிட மேல். ஏஎம்5 போர்டுகளில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் குறைந்துவிடும்.

படி 5: எஸ்எம்பிஎஸ்

எல்லாப் பாகங்களின் உயிரும் இதன் கையில் இருக்கிறது. இங்கே மிச்சம் பிடிக்கும் தொகை மிகச் சிறியது. தரமற்ற எஸ்எம்பிஎஸ்ஸால் பழுதாகக்கூடிய பாகங்களின் விலை பல மடங்கு பெரியது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணை நம்பாமல், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். அதில் +3.3, +5, +12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரத்தைப் பெரும்பாலும் +12 வோல்ட்டிலிருந்தே எடுப்பதால், அந்தக் கட்டத்தின் ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையான திறன் தெரிந்துவிடும். 62.5 ஆம்பியர் என்றிருந்தால் 750 வாட். மேலே 500 வாட் என்று அச்சிட்டிருந்தும் இந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர்தான் என்றால், கேமிங் கணினிக்கு அது தரக்கூடியது 216 வாட் மட்டுமே. கேபினெட்டுடன் சேர்த்தே தரப்படும் எஸ்எம்பிஎஸ்களில் இந்த வேறுபாட்டை அடிக்கடி காணலாம்.

நம் எடுத்துக்காட்டில் கிராபிக்ஸ் கார்டு 180 வாட் வரையிலும், பிராசஸர் 90 வாட் அளவிலும், மற்றவை 60 முதல் 80 வாட் வரையிலும் எடுக்கும். மொத்தம் 350 வாட். கிராபிக்ஸ் கார்டுகள் சில மைக்ரோ நொடிகளுக்கு மட்டும் திடீரென்று மிக அதிக மின்சாரம் இழுக்கும் இயல்புடையவை என்பதால், அதைத் தாங்கும்படி வடிவமைத்த ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரத்தில் 650 வாட் வாங்குங்கள். பின்னாளில் 300 வாட் இழுக்கும் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி போன்ற கார்டுக்கு மாறும் எண்ணமிருந்தால் 750 வாட். 80 பிளஸ் கோல்டு என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அது சொல்லாது. தயாரிப்பாளர் தரும் வாரண்டி ஆண்டுகளும், குறிப்பிட்ட அந்த மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனங்களுமே நம்பத்தக்க அளவுகோல். மாடுலர் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றக்கூடிய) கேபிள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஒரு நிறுவனத்தின் கேபிளை மற்றொன்றின் எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். பொருந்துவதுபோல் தோன்றினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருந்து, எஸ்எஸ்டியும் போர்டும் நொடியில் எரிந்துபோகலாம்.

மின்வெட்டு உள்ள ஊரில் யுபிஎஸ் வாங்குபவர்கள் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணுக்கும் வாட் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் மட்டுமே தரும். நம் கணினிக்கும் மானிட்டருக்கும் சேர்த்து 1000 விஏ-வுக்குக் குறையாமல் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் அதில் கேமிங் கணினியை ஓட்ட வேண்டாம்.

படி 6: கேபினெட்டும் கூலரும்

விமர்சனங்களில் காணும் வெப்ப எண்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் அளந்தவை. மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும்போது, அதே பாகங்களின் வெப்பமும் அதே அளவு, அதாவது 10 முதல் 15 டிகிரி வரை, ஏறும். எனவே முன்பக்கம் முழுவதும் கண்ணாடி மூடிய கேபினெட்டைத் தவிர்த்து, மெஷ் (காற்று புகும் வலை) முகப்பு கொண்டதையே எடுங்கள். முன்னால் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்றினால் போதும். தூசி அதிகமுள்ள நம் தெருக்களுக்குக் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் அவசியம்.

7600 உடன் வரும் கூலர் வேலையைச் செய்யும், ஆனால் கோடையில் இரைச்சலுடன். டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்ற காற்றுக் கூலர்கள் குறைந்த விலையில் இதைத் தீர்த்துவிடும். இரண்டின் உயரமும் 155 மில்லி மீட்டர். கேபினெட்டின் விவரத்தில் கூலருக்கான உயரம் 160-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் அவ்வாறே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்த அளவு கணினிக்குத் திரவக் கூலர் தேவையில்லை.

படி 7: எஸ்எஸ்டி

1 டிபி (டெராபைட்), என்விஎம்இ (எம்.2 ஸ்லாட்டில் செருகும் வேகமான வகை), பிசிஐஇ 4.0, டிஎல்சி (ஒரு நினைவுக் கலத்தில் மூன்று பிட் வைக்கும்) வகை: இவ்வளவு போதும். கியூஎல்சி (ஒரு கலத்தில் நான்கு பிட் வைக்கும்) வகை நிரம்ப நிரம்ப எழுதும் வேகத்தில் தளர்கிறது. பிசிஐஇ 5.0-இன் கூடுதல் வேகத்தை விளையாட்டுகள் இன்னும் உணரும்படி பயன்படுத்தவில்லை. அந்தப் பணத்தை இரண்டாவது டெராபைட்டுக்குக் கொடுங்கள், பெரிய விளையாட்டுகள் பல தலா 100 ஜிபி-யைத் தாண்டுகின்றன.

படி 8: வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி பில் கட்டாயம் பெறுங்கள். பில் இல்லாமல் சற்று மலிவாகக் கிடைக்கும் கார்டுக்கு இந்திய விநியோகஸ்தரின் வாரண்டி இல்லாமல் போகக்கூடும். கார்டு பழுதானால் எந்த ஊர் சர்வீஸ் மையத்துக்குப் போக வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாகங்களை மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்து வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. முதலில் வாங்கிய போர்டு சோதிக்கப்படாமலே அதன் மாற்றிக்கொள்ளும் காலம் முடிந்துவிடும். தொகையைச் சேர்த்து வைத்து, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வாங்குங்கள்.

படி 9: இயக்கிய பின் சரிபார்க்க வேண்டியவை

இரண்டு ரேம் குச்சிகளும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் இருக்க வேண்டும். பயாஸில் எக்ஸ்போ (ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும்) அமைப்பை இயக்காவிட்டால், 6000 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம் 4800-இலோ 5600-இலோதான் ஓடும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் அந்த எண் தெரியும். எக்ஸ்போ இயக்கிய பின் முதல் துவக்கத்தில் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருப்பது டிடிஆர்5-இன் இயல்பு. அப்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். வாலரண்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்றவற்றுக்கு செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே துவங்க விடும் பாதுகாப்பு) தேவை என்பதால், விண்டோஸ் நிறுவும் முன்பே பயாஸில் அதையும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியையும் இயக்கி வைப்பது நல்லது.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருப்பதை உறுதிசெய்யுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட்டை உங்கள் மானிட்டரின் உச்ச அளவுக்கு மாற்றுங்கள். பல மானிட்டர்கள் பெட்டியிலிருந்து எடுத்ததும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடுகின்றன. கடைசியாக, மாற்றிக்கொள்ளும் காலம் முடிவதற்குள், கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் கணினி தானாக அணைந்தாலோ, படத்தில் கோடுகளும் புள்ளிகளும் தோன்றினாலோ, அன்றே பில்லுடன் கடைக்குச் செல்லுங்கள்.